அட்டைப்பட்டியிலிருந்து இணையத்தேடலுக்கு: மலேசியத் தமிழ் நூல்களும் நூலகப் பணியாளரின் கற்றலும்

முன்னுரை

நூலக வரலாறு பெரும்பாலும் கட்டடங்களின் வரலாறாகவோ நூற்கொடையாளர்களின் வரலாறாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. நூலைக் கையிலெடுத்து, தலைப்புப் பக்கத்தைப் படித்து, அதற்கொரு பதிவு எழுதி, உரிய அடுக்கில் வைக்கும் பணியாளர் அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகிறார். ஆயினும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு நூல் ஓர் ஆய்வாளரின் கைக்குக் கிட்டுவதும் கிட்டாமற்போவதும் அவர் எழுதிய பதிவைப் பொறுத்தே அமைகின்றன.

கடந்த எழுபது ஆண்டுகளில் இப்பதிவை எழுதும் கருவி மூன்று முறை மாறி நான்கு நிலைகளைக் கண்டுள்ளது. கையெழுத்து அட்டை, உரோமன் எழுத்துக் கணினிப் பதிவு, தமிழ் எழுத்துரு, ஒருங்குறி சார்ந்த இணையக் கருவி என்பன அந்நான்கு நிலைகள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பணியாளர் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. அக்கற்றல் மலேசியத் தமிழ் நூல்களைத் தேடிக் கண்டடைவதை எவ்வாறு பாதித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சான்றாகப் பேரா மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊர்ப்பெயர் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

ஊரும் பெயரும்

தஞ்சோங் ரம்புத்தான் ஈப்போ நகருக்கு வடகிழக்கே கிந்தா மாவட்டத்தில் அமைந்துள்ள சிற்றூர். ஈப்போவிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதை இவ்வூரின் வழியாகச் செல்கிறது. ஈயச் சுரங்கங்களும் இரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்திருந்த பகுதி இது. சங்காட் கிண்டிங் முதலிய தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்தனர். ஊரில் தமிழ்ப்பள்ளியும் உண்டு.

எனினும் நாட்டு மக்களிடையே இவ்வூர் பெயர்பெற்றது தோட்டங்களால் அன்று. 1911ஆம் ஆண்டு இங்கே திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையே இவ்வூரின் பெயரை நாடறியச் செய்தது. மலேசியரின் அன்றாடப் பேச்சில் ஊர்ப்பெயரே மனநோயைச் சுட்டும் கேலிச்சொல்லாகவும் ஆகிவிட்டது. இன்று இணையத்தில் இப்பெயரை இட்டுத் தேடுபவர் முதலில் எதிர்கொள்வது மருத்துவமனை பற்றிய செய்திகளையே. தோட்டமும் பள்ளியும் தொழிலாளர் வாழ்வும் அவற்றின் அடியில் புதைந்துவிடுகின்றன. ஓர் ஊரின் வரலாறு ஒரு நிறுவனத்தின் நிழலில் மறைந்துபோவது அவ்வூரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோருக்கு இழைக்கப்படும் அநீதியாகும். இதனைச் சரிசெய்யும் ஆற்றல் ஓரளவேனும் நூலகப் பதிவுக்கு உண்டு.

நூலகப் பணியாளரின் நோக்கில் இப்பெயர் எளிமையானது அன்று. 1972ஆம் ஆண்டின் மலாய் எழுத்துச் சீர்திருத்தத்தையொட்டித் ‘தஞ்சோங்’ என்பது ‘தஞ்சுங்’ என எழுதப்படலாயிற்று. பழைய வடிவமும் வழக்கொழியவில்லை. தமிழிலோ தஞ்சோங் ரம்புத்தான், தஞ்சோங் இரம்புத்தான், தஞ்சுங் ரம்புத்தான் என ஒருவர் ஒருவகையாக எழுதலாம். மருத்துவமனையின் பெயரும் நிலையாக இருக்கவில்லை. கூட்டரசு மனநோயர் காப்பகமாகத் தொடங்கி, மத்திய மனநல மருத்துவமனையாகி, 1971இல் பகாகியா மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. ஒரே இடத்தைப் பற்றிய நூல்கள் இத்தனை பெயர்களின் கீழ்ச் சிதறிக் கிடக்க இடமுண்டு. அவற்றை ஓரிடத்தில் சேர்ப்பதே பட்டியலாக்கத்தின் முதற்கடமை எனலாம்.

அட்டையும் பட்டியலும்

1956ஆம் ஆண்டு சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தோன்றியது. அக்காலத்தில் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் முழக்கத்துடன் நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளர் உள்ளிட்ட எளிய மக்கள் அளித்த அந்நிதி பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்க உதவியது. பால்மரம் வெட்டியவரின் காசு பல்கலைக்கழக அடுக்கில் நூலாக நின்றது என்பது நூலகத் துறையினர் மறக்கலாகாத செய்தியாகும்.

நூல் வந்தால் மட்டும் போதாது. அது பதிவாக வேண்டும். துறைத்தலைவராக 1961இல் பொறுப்பேற்ற தனிநாயக அடிகளார் இதனை நன்குணர்ந்திருந்தார். முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்த 1966ஆம் ஆண்டிலேயே தமிழாய்வுக்குரிய நூல்களைத் தொகுத்துக் காட்டும் அவருடைய வழிகாட்டி நூலை மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. 1969இல் இராம. சுப்பையா தொகுத்த ‘தமிழ் மலேசியானா’ பல்கலைக்கழக நூலக வெளியீடாக வந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் நூல்களையும் இதழ்களையும் பட்டியலிட்ட நூல் அது. அதே ஆசிரியர் 1966இல் கீழ்ப்பேராத் தமிழரின் கிளைமொழிச் சொற்களை ஆராய்ந்து வெளியிட்டவர் என்பதும் குறிப்பிடத்தக்கது. தோட்டத்துப் பேச்சையும் தோட்டத்து நாட்டில் அச்சான நூலையும் ஒருவரே பதிவு செய்தார். அக்காலத்தில் ஆசிரியப் பணிக்கும் நூலகப் பணிக்கும் இடையே சுவர் எழும்பியிருக்கவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

அட்டைப்பட்டி எளிய கருவியே. ஆயினும் அதில் ‘காண்க’, ‘மேலும் காண்க’ என்னும் குறிப்பட்டைகள் இருந்தன. ‘மத்திய மனநல மருத்துவமனை’ என்னும் அட்டையை எடுப்பவரைப் ‘பகாகியா மருத்துவமனை காண்க’ என்று அவ்வட்டை வேறோர் இழுப்பறைக்கு அனுப்பிவிடும். இன்றைய இணைய இணைப்பின் முன்னோடி இதுவே. இதனை எழுதுவதற்குப் பணியாளர் ஊர்ப்பெயர் மாற்றங்களையும் ஆசிரியர்களின் புனைபெயர்களையும் அறிந்திருக்க வேண்டியிருந்தது. கருவி எளிதாயினும் அதன் பின்னிருந்த அறிவு எளிதன்று.

இவ்விடத்தில் சீ. இரா. அரங்கநாதனை நினைவுகூர்தல் பொருந்தும். சீர்காழியில் பிறந்த அவர் கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகக் கல்வி ஏதுமின்றிப் பதவியேற்ற அவர் இலண்டன் சென்று கற்றார். அங்குள்ள நூலகங்களில் பணி நடைபெறும் முறையை நேரிற் கண்டார். 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளையும் 1933இல் கோலன் பகுப்புமுறையையும் வெளியிட்டார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதும் நூலகம் வளரும் உயிரி என்பதும் அவ்விதிகளுள் அடங்கும். நூலகம் வளரும் உயிரியாயின் அதில் பணிபுரிபவரின் கற்றலும் நின்றுவிட இயலாது. நூலகத் துறையின் தந்தை எனப் போற்றப்படுபவரே பணியில் சேர்ந்த பின்னர்க் கற்றுக்கொண்டவர் என்பது பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஊக்கமளிப்பதாகும்.

தமிழறியாக் கணினி

1978ஆம் ஆண்டு மலேசியப் பல்கலைக்கழக நூலகங்களும் தேசிய நூலகமும் இணைந்து ‘மால்மார்க்’ என்னும் கூட்டுப் பட்டியலாக்கத் திட்டத்தைத் தொடங்கின. ஒரு நூலகம் செய்த பதிவை மற்றொரு நூலகம் பயன்படுத்திக்கொள்ள இது வழிவகுத்தது. இதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் அக்காலக் கணினிகள் உரோமன் எழுத்துகளையே கையாண்டன. எனவே தமிழ் நூலின் தலைப்பைக் கணினியில் ஏற்ற அதனை உரோமன் எழுத்தில் பெயர்த்தெழுதும் திறனைப் பணியாளர் கற்க வேண்டியிருந்தது.

உலகின் பெரிய நூலகங்கள் இதற்கெனப் பின்பற்றும் அமெரிக்கக் காங்கிரசு நூலக முறை, 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் எழுத்துப்பெயர்ப்பு முறையோடு பெரிதும் ஒத்தது. இதில் ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் தனித்த வடிவம் உண்டு. நெட்டுயிருக்கு மேற்கோடு, ணகரத்துக்குக் கீழ்ப்புள்ளி, னகரத்துக்கும் ழகரத்துக்கும் கீழ்க்கோடு என வேறுபாடுகள் காக்கப்படும். ஆகவே இம்முறைப்படி செம்மையாக எழுதப்பட்ட பதிவை மீண்டும் தமிழெழுத்துக்கு மாற்றலாம். இன்று கணினி நிரலே அதனைச் செய்துவிடும்.

ஆனால் பணியாளர் அக்கோடுகளையும் புள்ளிகளையும் விட்டுவிட்டால் நிலை வேறு. மனம், மணம், மானம் ஆகிய மூன்றும் ஒன்றாகிவிடும். பலம், பாலம், பழம் ஆகியனவும் அவ்வாறே. ஒருமுறை இழந்த வேறுபாட்டை நூலை மீண்டும் கையிலெடுத்துப் பாராமல் மீட்க இயலாது. ஒரு விசைப்பலகையின் முன் அமர்ந்து, இடர்ப்பட்டுக் கோடுகளை இட்ட பணியாளரும் அவற்றை விட்டுச் சென்ற பணியாளரும் அன்று ஒரே ஊதியம் பெற்றிருப்பர். நாற்பது ஆண்டுகள் கழித்து முன்னவரின் பதிவு தமிழுக்குத் திரும்புகிறது. பின்னவரின் பதிவு திரும்பவில்லை. கருவியைக் கற்பது என்பது விசைகளைக் கற்பது மட்டுமன்று. இன்று செய்யும் செயலின் நாளைய விளைவை உணர்வதும் ஆகும்.

வாசகர் தரப்பிலும் இழப்பு நேர்ந்தது. தமிழாசிரியர் ஒருவர் தாம் நன்கறிந்த நூலின் பெயரைத் தமிழில் இட்டுத் தேட இயலாமற்போயிற்று. தஞ்சோங் ரம்புத்தான் என்னும் சொல்லைத் தமிழ்த் தலைப்பில் கொண்ட நூலொன்று இருப்பின், அப்பெயர் மலாய் வழக்கிலுள்ள எழுத்துகளில் அன்றித் தமிழொலிக்கேற்பப் பெயர்க்கப்பட்ட எழுத்துகளிலேயே பதிவாகும். சகரம் ஓரெழுத்தாகவும் பகரம் வேறோர் எழுத்தாகவும் மாறி நிற்கும். உள்ளூர்வாசியே தம் ஊர்ப்பெயரை அவ்வடிவில் அடையாளங் காணார்.

எழுத்துருவும் ஒருங்குறியும்

தமிழைக் கணினியில் ஏற்றும் முயற்சியில் மலேசியாவின் பங்கு முதன்மையானது. முத்து நெடுமாறன் 1985 முதல் உருவாக்கிய முரசு மென்பொருள், பின்னர் ‘முரசு அஞ்சல்’ எனப் பரவியது. 1997 மே மாதம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்இணைய மாநாடு, 1999இல் சென்னையில் நடந்த மாநாடு, 2000இல் உத்தமம் அமைப்பின் தோற்றம், 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாடு ஆகியவை அடுத்தடுத்து நிகழ்ந்தன. 1998 பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் தட்டச்சால் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது.

இக்காலப் பணியாளர் கற்க வேண்டியிருந்தது எழுத்துருக் குறியாக்கங்களை. திஸ்கி, டாம், டாப் எனப் பல குறியாக்கங்கள் வழங்கின. ஒன்றில் தட்டச்சிட்ட பட்டியலை மற்றொன்றில் திறந்தால் புரியாத குறிகளே தோன்றும். 2009இல் ஜியோசிட்டீஸ் தளம் மூடப்பட்டபோது அங்கிருந்த தொடக்ககாலப் பக்கங்கள் பல இடம்பெயராமல் மறைந்தன. இச்சிக்கலுக்கு ஒருங்குறியே தீர்வாயிற்று. 1991இலேயே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டபோதிலும் அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. 2010இல் தமிழ்நாட்டரசும் அதனை ஏற்றது.

ஒருங்குறி வந்த பின்னரும் பணியாளர் அறிய வேண்டிய நுட்பங்கள் உள. ‘தஞ்சோங்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இதிலுள்ள ‘சோ’ பழைய குறியாக்கங்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், இரட்டைக்கொம்பு முதலிலும் சகரம் அடுத்தும் கால் இறுதியிலுமாகச் சேமிக்கப்பட்டது. ஒருங்குறியில் சகரம் முதலிலும் ஓகாரக் குறி அடுத்தும் வரும். அந்த ஓகாரக் குறியையும் ஒரே குறியீடாகவோ, கொம்பும் காலுமாகிய இரு குறியீடுகளாகவோ இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சீர்மை செய்யப்படாத தேடுபொறிக்கோ அவை இரண்டு. அவ்வாறே ‘ஔவையார்’ என்பதை ஔகாரத்தால் எழுதாமல் ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்துத் தட்டச்சிடுவோர் பலர். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது கிட்டாது. வருடி எடுத்த பக்கங்களைக் கணினி தானே படிக்கும்போது காலை ரகரமாகவும் ரகரத்தைக் காலாகவும் மயங்குவதும் உண்டு. தமிழ் எழுத்தறிவும் கருவியறிவும் ஒருங்கே பெற்றவரே இப்பிழைகளைக் கண்டுபிடிக்க இயலும்.

பணியாளரே மாணவராதல்

2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் வடகரோலினா மாநிலத்துச் சார்லட் மெக்லன்பர்க் பொது நூலகத்தில் ஹெலன் பிளவர்ஸ் ‘கற்றல் 2.0’ என்னும் திட்டத்தைத் தொடங்கினார். நூலகப் பணியாளர் ஒன்பது வாரங்களில் 23 சிறு பணிகளைத் தாமே செய்து பார்த்து இணையக் கருவிகளைக் கற்க வேண்டும் என்பதே திட்டம். வலைப்பதிவு எழுதுதல், படங்களைப் பகிர்தல், செய்தியோடைகளைத் திரட்டுதல், நூற்பட்டியலை இணையத்தில் அமைத்தல் முதலியன அவற்றுள் அடங்கின. விரிவுரை இல்லை, தேர்வும் இல்லை. முடித்தவர்களுக்கு இசைகேட்கும் சிறுகருவியொன்று பரிசாக அளிக்கப்பட்டது. ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் நூலகங்களும் இதனை எடுத்துக்கொண்டன.

இத்திட்டம் இன்று நமக்கு உணர்த்தும் பாடம் யாது? அன்று கற்பிக்கப்பட்ட கருவிகளுள் பல இன்றில்லை. அன்றைய பணிகளுள் ஒன்றாக இருந்த டெலிசியஸ் என்னும் சுட்டித் தொகுப்புத் தளம் 2017இல் செயலிழந்தது. செய்தியோடைகளைத் திரட்டப் பலரும் பயன்படுத்திய கூகுள் ரீடர் 2013இல் நிறுத்தப்பட்டது. ஆனால் பணியாளர் பெற்ற பழக்கம் அழியவில்லை. அஞ்சாது தொட்டுப் பார்த்தல், பிழை நேர்ந்தால் திருத்துதல், அறிந்ததை அடுத்தவருக்குச் சொல்லுதல் ஆகியனவே அப்பழக்கம்.

மலேசியப் பள்ளிகளும் இதே அனுபவத்தைப் பெற்றன. 1990களின் இறுதியில் அறிமுகமான நீலாம் வாசிப்புத் திட்டத்தில் மாணவர் படித்த நூல்களைக் குறிப்பேட்டில் எழுதினர். பின்னர் அப்பதிவு இணையத்துக்கு மாறியது. ஒன்பெஸ்தாரிநெட் திட்டத்தின் கீழ் ஆசிரியர்கள் முயன்று கற்ற ஃபுரோக் மெய்நிகர் கற்றல் தளம் 2019இல் கைவிடப்பட்டு, 2020இல் டெலிமா வந்தது. பாடம் நடத்திக்கொண்டே பள்ளி வள மையத்தையும் கவனிக்கும் ஆசிரியரே தமிழ்ப்பள்ளியின் நூலகப் பணியாளர். ஒவ்வொரு தளமாற்றத்தின் சுமையும் அவர்மீதே விழுகிறது. ஒரு தளத்தில் இட்ட பட்டியலை வேறிடத்திலும் படி எடுத்து வைக்கும் வழக்கம் அவருக்கு இன்றியமையாதது. தளம் மூடப்பட்டாலும் பட்டியல் எஞ்சும்.

தன்னார்வலர் வழியும் கருதத்தக்கது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவ்வடு ஆறாத சமூகத்தில் 2005இல் தொடங்கியது நூலகம் திட்டம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சிறு வெளியீடுகளையும் அது மின்வடிவில் காக்கிறது. சிங்கப்பூரில் 2015இல் அருண் மகிழ்நன் முன்னின்ற தமிழ் மின்மரபுடைமைத் திட்டம், தேசிய நூலக வாரியத்தின் துணையோடு முந்நூறுக்கும் மேற்பட்ட சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்னாக்கியது. இவ்விரு முயற்சிகளிலும் பொதுமக்கள் நூலகப் பணியைக் கற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

இன்றைய தேவை

நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. 2008 வாக்கில் அவை 523ஆகக் குறைந்திருந்தன. தோட்டத் துண்டாடலும் மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தமையும் இதற்குக் காரணங்கள். ஒரு தோட்டப்பள்ளி மூடப்படும்போது அதன் ஆண்டுமலர்களும் சேர்க்கைப் பதிவேடுகளும் நிழற்படங்களும் இடமற்றுப் போகின்றன. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. தோட்டத்துச் செய்திகளை நாள்தோறும் அச்சிட்ட ஓர் ஏடு நின்றபின் அதன் பழைய இதழ்களைக் காக்கும் பொறுப்பு முழுவதும் நூலகங்களைச் சார்ந்ததாகிவிட்டது.

பேரா மாநிலத் தமிழாசிரியர்கள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, பள்ளி ஆண்டுமலர், கோயில் திருவிழா மலர், சங்க நினைவுமலர் ஆகியவற்றை நூலாகக் கருதிப் பதிவு செய்தல். ‘தமிழ் மலேசியானா’ வெளிவந்து அரைநூற்றாண்டுக்கு மேலாகிவிட்ட நிலையில் இத்தகைய சிறுவெளியீடுகளின் பட்டியலை ஊர்தோறும் தொகுத்தல் வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு பதிவிலும் ஊர்ப்பெயரின் எல்லா வடிவங்களையும் தமிழிலும் உரோமன் எழுத்திலும் தருதல். அட்டைப்பட்டியின் ‘காண்க’ குறிப்பை இணையத்திலும் தொடர்வதே இது. மூன்றாவது, தமிழ்ப் பதிவுகளின் எழுத்துப்பிழைகளைப் பல்கலைக்கழக நூலகங்களுக்குத் தெரிவித்தல். தமிழ் படிக்கத் தெரியாத பணியாளர் தமிழ் நூலைப் பதிவு செய்ய நேரும்போது அவருக்குத் துணைநிற்பது தமிழறிந்தோர் கடமையாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. கருவி மாறும்போதெல்லாம் தமிழ் நூலைக் கண்டடையும் வழி ஓரிடத்தில் திறந்தும் மற்றோரிடத்தில் அடைபட்டும் வந்துள்ளது. அவ்வழி அடைபடாமற் காத்தது பெரும்பாலும் பணியாளரின் மொழியறிவும் கவனமுமே அன்றிக் கருவியின் ஆற்றல் அன்று. அப்பணியாளர் நூலகர் என்னும் பதவிப்பெயர் பெற்றவராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மலேசியத் தமிழ் நூற்பட்டியல்களின் தொடக்கம் ஆசிரியர்களின் கையிலேயே இருந்தது.

தஞ்சோங் ரம்புத்தானில் இரப்பர் மரங்களோடு வாழ்ந்தவர்களின் பெயரர் ஒருவர் தம் பாட்டனார் படித்த பள்ளியைப் பற்றி நாளை தேடக்கூடும். அவருக்கு மருத்துவமனைச் செய்திகள் மட்டுமே கிட்டுமா, பள்ளியின் ஆண்டுமலரும் கிட்டுமா என்பது இன்று அவ்வூரிலோ ஈப்போவிலோ ஒருவர் எழுதும் ஒரு பதிவைப் பொறுத்தது. அப்பதிவை எழுதக் கற்பதற்கு வேண்டிய கருவிகள் இன்று ஆசிரியர் ஒவ்வொருவரின் கையிலும் உள்ளன.